இரக்கமும் இருக்கையும்

அமெரிக்க எழுத்தாளர் ஹெர்மன் மெல்வில் 1853ஆம் ஆண்டில் வெளியிட்ட 'பார்ட்டில்பி' என்னும் கதை, நியூயார்க்கில் ஒரு வழக்கறிஞரின் அலுவலகத்தில் நிகழ்வது. ஆவணங்களைப் படியெடுக்கும் எழுத்தன் பார்ட்டில்பி. எழுதுவதில் சோர்வறியான், படிகளைப் பிறருடன் சேர்ந்து ஒப்புநோக்க அழைத்தாலோ பணிவுடன் மறுப்பான்.

அவனை ஆட்டிசம் உடையவனாகக் காணும் திறனாய்வாளர் இன்று உளர். கதைமாந்தனுக்கு மருத்துவப் பெயர் சூட்டுவது நம் வேலையன்று. நாம் நோக்கவேண்டியது அவனுடைய முதலாளியை.

வழக்கறிஞர் கொடியவரல்லர். காலையில் சிடுசிடுக்கும் எழுத்தர் ஒருவரையும், நண்பகலுக்குப்பின் நிதானமிழக்கும் எழுத்தர் ஒருவரையும் அவரவர் இயல்பறிந்து வேலைவாங்கியவர். பார்ட்டில்பிக்கும் ஒப்புநோக்கும் வேலையிலிருந்து விலக்களித்தார். ஆயினும் அவன் இருக்கை, சுவரை நோக்கிய மங்கலான சன்னலருகே கிடந்தது. அவன் எழுதுவதை நிறுத்தியபோது, அம்மங்கலே கண்ணைக் கெடுத்ததோ என எண்ணியவர், வெளியே உலாவிவர அறிவுரை கூறினார். மேசையை வெளிச்சத்திற்கு நகர்த்தியதாகக் கதையில் ஒரு சொல்லும் இல்லை. இறுதியில் அவனை விட்டுத் தம் அலுவலகத்தையே வேறிடத்திற்கு மாற்றிக்கொண்டார்! அவன் சிறையில் உண்ணாது மாண்டான்.

அவன் வாய்திறந்து எதையும் கேட்கவில்லையே எனலாம். உண்மை. கேட்க இயலாமையே பலருடைய இடர்ப்பாடு.

மூளை இயங்கும் முறையில் வேறுபட்டோரைப் பணியிடத்தில் ஏற்பதுபற்றி இன்று பேசுகிறோம். பொறுத்துக்கொள்வது வேறு, இடமளிப்பது வேறு. ஒளி, ஓசை, இருக்கை, ஆணையை எழுத்தில் தருதல் ஆகிய சிறியனவற்றை, கேளாமுன்னரே எண்ணிப் பார்ப்பதே இடமளித்தல். இக்கதையை வகுப்பில் நடத்தும் ஆசிரியர், பார்ட்டில்பியின் மறுப்போடு நின்றுவிடாமல், அந்த மேசையையும் மாணவர்க்குக் காட்டுவாராக.