தேநீர்த் தட்டும் திருமகளும்: மரிக்கோ மோரியின் கலை பற்றிய ஒரு நோக்கு

பழமையைப் போற்றும் கலைஞர் வருங்காலத்தை அஞ்சுவர் என்றும், வருங்காலத்தை நாடுவோர் பழமையைக் கைவிடுவர் என்றும் கூறுதல் திறனாய்வாளரிடையே வழக்கமாகிவிட்டது. யப்பானியக் கலைஞரான மரிக்கோ மோரியின் ஆக்கங்கள் இவ்வழக்கிற்கு அடங்குவனவல்ல. 1967 ஆம் ஆண்டு தோக்கியோவிற் பிறந்த இவர், புத்தாடை அணிந்து காட்டுந் தொழிலிற் சிலகாலம் இருந்து, பின்னர் இலண்டனிலும் நியூயோர்க்கிலும் கலை பயின்றவர். பழைய கோயிலும் விண்வெளிக் கலமும் இவர் கலையில் அருகருகே நிற்கின்றன. ஆயினும், அவ்வாறு அருகே நிறுத்தப்பட்டமையாலேயே பழமை உயிர்பெற்றுவிடுமா என்பது ஆராயத்தக்கது.

'தேநீர்ச் சடங்கு' என்னும் பெயரில் 1994 இல் அவர் ஆக்கிய நிழற்படங்களை முதற்கண் நோக்குதல் தகும். பெரிய காரியாலயக் கட்டடங்கள் நிறைந்த தோக்கியோத் தெரு. அங்கே கம்பனிப் பெண்ணூழியரின் சீருடை அணிந்த ஒருத்தி தேநீர்த் தட்டினை ஏந்தி நிற்கின்றாள். அவள் தலையை மூடியிருப்பதோ கூரிய செவிகளையுடைய வெள்ளிநிறக் கவசம். வேற்றுக் கோளிலிருந்து வந்தாள் போன்ற தோற்றம். அப்பெண் மோரியே. கோட்டணிந்த ஆடவர் அவளைக் கடந்து தம் வழியே செல்கின்றனர்.

இப்படத்தின் ஆற்றலை உணர்தற்கு யப்பானியர் தேநீருக்கு அளித்த இடத்தை அறிதல் வேண்டும். பதினாறாம் நூற்றாண்டிலே தேநீர் நெறியைச் செம்மைசெய்த சென் நோ ரிக்கியூ அதற்கென அமைத்த அறை மிகச் சிறியது. அதன் வாயிலும் குறுகியது. எத்துணைப் பெரிய படைத்தலைவனாயினும் வாளை வெளியே வைத்து, உடல் வளைத்தே உட்புகுதல் வேண்டும். உள்ளே விருந்தோம்புவான் தன் கையாலேயே தேநீர் ஆக்கி அளிப்பான். ஆண்டுப் பணிவிடை செய்தல் பெருமையாகும். இருபதாம் நூற்றாண்டின் கம்பனியிலோ அதே பணிவிடை வேறு பொருள் பெற்றது. எத்துணை கற்றவளாயினும், உடன் வேலைசெய்யும் ஆடவர்க்குத் தேநீர் கொடுத்தல் பெண்ணின் கடமையெனக் கொள்ளப்பட்டது. வேலைவாய்ப்பிற் சமத்துவம் பேசும் சட்டம் 1986 இல் நடைமுறைக்கு வந்த பின்னரும் இவ்வழக்கம் எளிதில் ஒழியவில்லை. ஒரு கிண்ணத் தேநீரில் இவ்விரு வரலாறுகளும் கலந்து கிடப்பதை மோரி ஒரே படத்திற் காட்டிவிடுகின்றார். அவள் அணிந்த வெள்ளிக் கவசமோ, வருங்காலம் வந்த பின்னும் தட்டு அவள் கையை விட்டு நீங்கவில்லை என்கின்றது. இதில் நகைச்சுவையும் உண்டு, அந்நகை சுடுவது.

சில ஆண்டுகளுள் அவர் கலை வேறு திசையிற் சென்றது. 1997 இல் வெனிசு நகரத்து ஈராண்டுக் கலைக்காட்சியில் இடம்பெற்ற 'நிர்வாணம்' என்னும் ஒளிப்படக் காட்சியும், அதனோடு உறவுடைய 'தூய நிலம்' என்னும் பெரும்படமும் இத்திருப்பத்தைக் காட்டுவன. இவற்றில் மோரி கிச்சிசோதென் என்னும் தெய்வத்தின் கோலம் பூண்டு தோன்றுகின்றார். இத்தெய்வம் வேறு யாருமன்று. பௌத்தத்துடன் சீனம் வழியாக யப்பான் சேர்ந்த நம் திருமகளே. நாரா நகரத்து யாக்குசிக் கோயிலில் எட்டாம் நூற்றாண்டிலே துணிமீது தீட்டப்பெற்ற அவள் ஓவியம் இன்றும் உளது. விளைச்சல் பெருக வேண்டி ஆண்டுத் தொடக்கத்தில் அவள்முன் வழிபாடு நிகழ்ந்தது. மோரியின் படத்திலோ அவள் வேண்டியதருளும் மணியைக் கையிலேந்திச் சாக்கடலின்மேல் மிதக்கின்றாள். வேற்றுலகக் குழவிகள் போன்ற இசைவாணர் சூழ்ந்து பறக்கின்றனர். உப்புத் தூய்மை தருவது என்பது யப்பானியர் நம்பிக்கையாதலின் உப்புக்கடலைத் தேர்ந்தமைக்கு நியாயம் உண்டு. படத்தின் அழகையும் மறுத்தற்கில்லை.

எனினும், விளைச்சலின் தெய்வம் மீனும் வாழாத நீரின்மேல் நிற்கின்றாள். வயலில்லை, உழவனில்லை, வணங்குவாருமில்லை, புறக்கணித்துச் செல்வாருமில்லை. தெருவிலே தேநீர் ஏந்தியவளுக்கு இருந்த எதிர்ப்பு இத்தெய்வத்திற்கு இல்லாது போயிற்று. மாசுமறுவற்ற அவ்வண்ணப் பொலிவு உயர்ந்த வாசனைப்பொருள் விளம்பரத்தை நினைவூட்டுகின்றது. விளம்பர உலகை நன்கறிந்த மோரி அதன் மொழியைக் கொண்டே அதனை வினவினார் என்பர் அவர் சார்பினர். 1994 ஆம் ஆண்டுப் படங்களுக்கு அது பொருந்தும். இதற்குப் பொருந்துமாறு எங்ஙனம்?

1999 இல் ஆக்கிய 'கனவுக் கோயில்' இவ்வையத்தை மிகுவிக்கின்றது. 739 ஆம் ஆண்டில் ஹோரியூஜிக் கோயிலில் எழுந்த எண்கோண மண்டபத்தை முன்மாதிரியாகக் கொண்டு, ஒளிக்கேற்ப நிறம் மாறும் கண்ணாடியால் அமைந்தது அது. மிலான் நகரில் அதனைக் காட்சிக்கு வைத்தது பிராடா என்னும் ஆடை நிறுவனத்தாரின் கலைமன்றம். வணிகர் பொருளுதவினர் என்பது குற்றமன்று. பண்டைக் கோயில்கள் பலவும் அரசராலும் வணிகராலும் எழுந்தனவே. கருதத்தக்கது பிறிதொன்று. பழைய மண்டபம் இளவரசர் சோத்தோக்குவின் நினைவாக எழுந்து, தலைமுறை தலைமுறையாக ஒரு கூட்டத்தாரின் வழிபாட்டில் நிலைத்தது. கண்ணாடிக் கோயிலுள் ஒவ்வொருவராகச் சென்று, தனித்திருந்து ஒளிக்காட்சி கண்டு மீளல் வேண்டும். தனியொருவர்க்குத் தனியமைதி என்பது பெருநிறுவனங்கள் இந்நாளில் விற்கும் சரக்குகளுள் ஒன்று. பழங்கோயிலின் வடிவு இங்கே வந்திருக்கின்றது. கூடி வணங்கிய மக்கள் வந்திலர்.

இக்குறையை மோரியும் ஓரளவு உணர்ந்தார் போலும். 2011 இல் அவர் நிறுவிய கதிரவன் தூண் காட்சிச்சாலையை விட்டு, ஒக்கினாவாவைச் சார்ந்த மியாக்கோத் தீவின் கடற்கரையில் நிற்கின்றது. அலையும் வெயிலும் அதற்கு உண்டு, அயலிலே ஊருமுண்டு. அவ்வூரார் அதனைத் தம்முடைய தூணாகக் கொள்வாரோ என்பது இனிமேற்றான் தெரியவரும்.