தாயா, தாய்வீடா?

சுற்றுச்சூழல் பற்றிய பாடநூல்களில் ஒரு படம் தவறாமல் இடம்பெறும். மலைச்சரிவில் பெருத்த மரம் ஒன்று. தலையில் துணி கட்டிய பெண்கள் சிலர் கைகோத்து அதை அணைத்து நிற்பார்கள். கீழே ‘சிப்கோ இயக்கம்’ என்று எழுதியிருக்கும். சிப்கோ என்றால் இந்தியில் ‘ஒட்டிக்கொள்’ என்று பொருள். இந்தப் படத்தைப் பார்த்ததும் என்ன சொல்ல வேண்டும் என்று நமக்குப் பழகிவிட்டது. பெண் இயற்கையின் வடிவம். பெண்ணும் மண்ணும் உயிர் தருபவர்கள். ஆணின் அறிவு வெட்டும், பெண்ணின் உள்ளம் காக்கும். மகளிர் தினப் பேச்சுகளில் இது வருகிறது. பெண்ணியக் கூட்டங்களிலும் கைதட்டலோடு வருகிறது. என் மாணவிகளின் விடைத்தாள்களில் ஆண்டுதோறும் வருகிறது.

இந்தப் பாராட்டு பெண்களுக்கு எதைத் தருகிறது, எதைப் பறிக்கிறது என்பதே என் கேள்வி.

இந்தியாவில் இந்தச் சிந்தனைக்கு வலுவான கோட்பாட்டு வடிவம் தந்தது 1988இல் வெளிவந்த வந்தனா சிவாவின் ‘ஸ்டேயிங் அலைவ்’. சிவா அறிவியலை வெளியிலிருந்து திட்டுகிறவர் அல்லர். இயற்பியல் படித்து, குவாண்டம் கோட்பாட்டின் அடிப்படைகள் குறித்து ஆய்வு செய்தவர். நவீன அறிவியலின் ஒரு போக்கு எதையும் துண்டாக்கி, சந்தைக்கு உதவும் துண்டை மட்டும் உண்மையெனக் கொள்கிறது என்பது அவருடைய குற்றச்சாட்டு. இதற்குக் காடு நல்ல சான்று. ஆங்கிலேயர் காலத்து வனவியலுக்குக் காடு என்றால் வெட்டுமரம். இமயமலைச் சரிவுகளில் ‘பாஞ்ச்’ எனப்படும் ஓக் மரத்தின் தழை மாட்டுக்குத் தீவனம், கிளை அடுப்புக்கு விறகு, அதன் வேரும் சருகும் நீரைப் பிடித்துவைப்பவை. கணக்குப் புத்தகத்தில் இவற்றுக்கெல்லாம் இடமில்லை. பைன் மரம் பலகையும் பிசினும் தந்தது. ஆகவே பைன் பெருகியது. அதன் ஊசியிலைகளை மாடு தின்னாது, கோடையில் அவை எளிதில் தீப்பற்றும். இதை வனத்துறைக்கு முன்பே அறிந்தவர்கள் தழை பறிக்கப் போன பெண்கள். அவர்களுடைய அறிவையும் அறிவு என்று எழுதியதற்காக அந்நூலுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

ஆனால் சிவா அங்கே நிற்கவில்லை. அந்த அறிவுக்கு வேர் எது என்று கேட்டு, ‘பிரகிருதி’ என்று பதில் சொன்னார். இயற்கையே பெண் தத்துவம். அதன் உயிர்ப்பாற்றல் பெண்களிடம் வெளிப்படுகிறது. காலையில் எழுந்து மூன்று மைல் நடந்து தழை சுமந்தவளின் அனுபவம் இந்த இடத்தில் தத்துவமாக மாறிவிடுகிறது. தத்துவத்துக்குக் கால் வலிப்பதில்லை.

படத்தை ஒதுக்கிவைத்துவிட்டு நடந்ததைப் பார்ப்போம். சிப்கோ 1973இல் மண்டல் என்ற ஊரில் தொடங்கியது. உழவுக் கருவிகள் செய்ய உள்ளூர்க் கூட்டுறவு அமைப்பு கேட்ட மரங்களை வனத்துறை தர மறுத்தது. விளையாட்டுப் பொருள்கள் செய்யும் நிறுவனத்துக்கு ஒதுக்கியது. போராட்டத்துக்கு விதை அந்த அநீதிதான். மறு ஆண்டு, 1974 மார்ச் 26 அன்று, ரேணி கிராமத்தின் காட்டுக்குள் மரம்வெட்டிகள் நுழைந்தார்கள். நிலத்துக்கு இழப்பீடு தருவதாகச் சொல்லி ஊர் ஆண்களை அன்று சமோலிக்கு வரவழைத்திருந்தார்கள். வெட்ட வருகிறார்கள் என்று ஒரு சிறுமி ஓடிவந்து சொன்னாள். மகளிர் மன்றத் தலைவியான கௌரா தேவி 20க்கும் மேற்பட்ட பெண்களையும் சிறுமிகளையும் கூட்டிக்கொண்டு போனார். கௌரா போட்டியா பழங்குடியைச் சேர்ந்தவர், இளம் வயதிலேயே கணவனை இழந்தவர். வந்தவர்களிடம் அவர்கள் கெஞ்சினார்கள், வாதாடினார்கள், மிரட்டலுக்கு அஞ்சாமல் நின்றார்கள். இரவெல்லாம் காவல் இருந்தார்கள். வெட்ட வந்தவர்கள் திரும்பிப் போனார்கள்.

அன்று கௌரா தேவி காட்டை ‘மாய்க்கா’ என்று சொன்னதாகப் பதிவாகியிருக்கிறது. அந்தச் சொல்லை ‘தாய்’ என்று வாசித்துவிடுவது வழக்கமாகிவிட்டது. மாய்க்கா என்றால் தாய்வீடு. தமிழ்ப் பெண்களுக்கு இந்த வேறுபாட்டை விளக்க வேண்டியதில்லை. தாய் வேறு, தாய்வீடு வேறு.

தாய்வீடு எது? வாழ்க்கைப்பட்டுப் போன ஊரில் ஒரு பெண்ணுக்கு நிலம் இல்லை, வீடு அவள் பெயரில் இல்லை. அரிசி தீர்ந்தால், அடி விழுந்தால், பிரசவம் வந்தால் யாரையும் கேட்காமல் போய் நிற்கக்கூடிய இடம் தாய்வீடு. மலைக்கிராமத்துப் பெண்ணுக்குக் காடு அப்படித்தான் இருந்தது. வயல் கணவன் குடும்பத்தினுடையது. காட்டில் மட்டும் யாரிடமும் கையேந்தாமல் தழையும் விறகும் எடுக்க முடிந்தது.

அதே தாய்வீட்டுக்கு இன்னொரு முகமும் உண்டு. பாசம் இருக்கும், பட்டா இருக்காது. பிறந்த வீட்டுச் சொத்தில் பெண்ணுக்குச் சம பங்கு வேண்டும் என்று தமிழ்நாடு சட்டம் திருத்தியது 1989இல். நாடு முழுமைக்கும் இந்து வாரிசுரிமைச் சட்டம் அப்படித் திருத்தப்பட்டது 2005இல். கௌரா தேவி பேசியது 1974இல். அவருடைய சொல்லில் பாசத்தோடு இந்த உரிமைக் கேள்வியும் இருந்தது என்று நான் வாசிக்கிறேன். அந்தக் கேள்வியைத் ‘தாய்மை’ என்ற சொல் மூடிவிடுகிறது. தாய் என்றால் வணங்கலாம். தாய்வீடு என்றால் பங்கு கேட்க நேரும்.

பொருளியல் அறிஞர் பினா அகர்வால் 1992இல் எழுதிய கட்டுரையில் சிவாவிடம் கேட்ட கேள்விகள் இந்த இடத்தில் முக்கியமானவை. எந்தப் பெண்கள்? இமயமலையின் ஒரு பகுதியில் கண்டதை மூன்றாம் உலகப் பெண்கள் அனைவருக்கும் எப்படிப் பொருத்துவது? இந்து மரபின் ஒரு கருத்தாக்கத்தை மற்றச் சமயப் பெண்கள்மீதும் பழங்குடிப் பெண்கள்மீதும் எப்படி ஏற்றுவது? ஆங்கிலேயர் வருவதற்கு முன் இங்கே சாதியும் ஏற்றத்தாழ்வும் இல்லையா? இயற்கையோடு ஒரு பெண்ணுக்குள்ள உறவைத் தீர்மானிப்பவை அவள் செய்யும் வேலை, அவளுடைய வர்க்கம், சாதி, கையிலுள்ள உடைமை ஆகியவை என்றார் அகர்வால். 1994இல் வந்த அவருடைய பெருநூல் பெண்களின் நில உரிமையைப் பற்றியதாக இருந்ததில் வியப்பில்லை.

1980இல் டுங்ரி–பைந்தோலியில் நடந்தது அகர்வாலின் பக்கம் சாய்கிறது. ஊரின் ஓக் காட்டைக் கொடுத்தால் சாலை, மின்சாரம், பள்ளி, மருத்துவமனை தருவதாக அரசுத் தரப்பு சொன்னது. ஊர் ஆண்கள் ஒப்புக்கொண்டார்கள். பெண்கள் மறுத்துப் போராடி வென்றார்கள். ஆண்கள் மனம் கெட்டவர்கள் என்பதால் அப்படி முடிவெடுக்கவில்லை. சாலை வந்தால் அவர்களுக்கு வேலை கிடைக்கும். காடு போனால் இன்னும் தொலைவு நடக்க வேண்டியவர்கள் பெண்கள். லாபம் ஒருவருக்கு, நடை இன்னொருவருக்கு. ஊர் மன்றத்தில் ஏன் நாங்கள் உறுப்பினராக இல்லை என்று சிப்கோ பெண்கள் கேட்கத் தொடங்கியது இத்தகைய போராட்டங்களின் ஊடாகத்தான். பெண் இயற்கை வடிவம் என்ற பேச்சில் இந்தக் கேள்விக்கு இடமே இல்லை.

நம் ஊருக்கு வந்தால் அந்தப் பேச்சு இன்னும் தடுமாறும். என் அம்மாவின் ஊர் முதுகுளத்தூர்ப் பக்கம். அங்கே அடுப்பு எரிவது சீமைக் கருவேலத்தால். வெளிநாட்டிலிருந்து வந்து கண்மாயையும் தரிசையும் பிடித்துக்கொண்ட மரம் அது. சூழலியலாளர்கள் அதை எதிர்ப்பதற்குக் காரணம் உண்டு. 2017இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதை அகற்ற உத்தரவிட்டபோது ஊரெங்கும் ஆர்வம் பொங்கியது. ஆனால் மழை பொய்த்த ஆண்டுகளில் அந்த ஊர்ப் பெண்களின் கூலி அந்த முள்ளிலிருந்துதான் வந்தது. வெட்டினார்கள், கட்டினார்கள், கரிமூட்டத்துக்குச் சுமந்தார்கள். கைகளில் முள் கீறிய தழும்பு, மூச்சில் புகை. ஏலம் எடுத்தவர்கள் ஆண்கள். இந்தப் பெண்கள் இயற்கையின் பக்கமா, எதிர்ப்பக்கமா? கேள்வியே தவறு. மரத்தை அகற்றினால் அவர்களுக்கு மாற்று வேலை என்ன, மீண்ட நிலம் யார் பெயருக்குப் போகும் என்றுதான் கேட்க வேண்டும். வெட்டுகிற பெண்ணைச் சேர்த்துக்கொள்ள முடியாத சூழலியல் பெண்ணியம் பாதிப் பெண்களை வெளியே நிறுத்திவிடுகிறது.

அறிவியலுக்கும் இதே பிரச்சினை உண்டு. பெண்களுக்கென்று மென்மையான வேறொரு அறிவியல் இருக்கிறது என்ற எண்ணத்துக்கு அடிக்கடி சான்றாகக் காட்டப்படுபவர் பார்பரா மெக்ளின்டாக். மக்காச்சோளச் செடிகளின் குரோமோசோம்களைப் பல்லாண்டுகள் ஆராய்ந்து, மரபணுக்கூறுகள் இடம்பெயர்கின்றன என்று கண்டவர். 1951இல் அவர் அதை விளக்கியபோது அவையில் பெரும்பாலோருக்குப் புரியவில்லை. 1983இல் நோபல் பரிசு தனியாக அவருக்கே வந்தது. அதே ஆண்டு ஈவ்லின் ஃபாக்ஸ் கெல்லர் அவரைப் பற்றி எழுதிய நூல் வெளியானது. மெக்ளின்டாக் ஒவ்வொரு செடியையும் தனித்தனியே அறிந்திருந்தார், உயிரோடு ஒன்றிப் பார்த்தார் என்று கெல்லர் எழுதியதைப் பலர் ‘பெண்ணின் அறிவியல்’ என்று எடுத்துக்கொண்டார்கள். கெல்லர் அதை ஏற்கவில்லை. மெக்ளின்டாக்கும் தன் அறிவியலுக்குப் பாலின அடையாளம் இருப்பதாகக் கருதவில்லை. செடிகளை அவர் அறிந்தது, விதைத்து, களையெடுத்து, நுண்ணோக்கியின் முன் ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்ததால். அதைப் பெண்மையின் பரிசு என்று சொன்னால் அந்த உழைப்பு காணாமல் போகிறது.

ரேணிக்குப் பிறகு அரசு ஒரு குழு அமைத்தது. தலைமை ஏற்றவர் தாவரவியலாளர் வீரேந்திர குமார். ரேணியில் மட்டுமின்றி அலக்நந்தா நீர்ப்பிடிப்புப் பகுதியில் ஏறத்தாழ 1,150 சதுர கிலோமீட்டர் பரப்பில் மரம் வெட்டக் கூடாது என்று குழு சொன்னது. பத்தாண்டுத் தடை வந்தது. அறிவியல் ஒரே குரலில் பேசுவதில்லை. யார் கேள்வி கேட்கிறார்கள், யார் பதிலைப் பயன்படுத்துகிறார்கள் என்பதைப் பொறுத்து அது பக்கம் மாறும். ஆகவே அறிவியலை ஆண்களிடம் விட்டுவிட்டு உள்ளுணர்வை நாம் வைத்துக்கொள்ளும் பங்கீடு நமக்கு நட்டம்.

இப்போது அந்தப் பங்கீட்டை அழகான உறையில் போட்டு விற்கிறார்கள். ஒரு கல்லூரியில் மகளிர் தினத்துக்கு வந்த பயிற்சியாளர் ஒருவர் மாணவிகளை வளாகத்து வேப்பமரத்தைக் கட்டிக்கொள்ளச் சொன்னார். கண்ணை மூடி, உங்களுக்குள் இருக்கும் இயற்கை அன்னையை உணருங்கள், கோபம் கரையும் என்றார். பத்து நிமிட அமைதி யாருக்கும் கெடுதல் இல்லை. ஆனால் சிப்கோவின் பெயரைச் சொல்லிக் கோபத்தைக் கரைக்கச் சொன்னது எனக்கு நெருடியது. அந்த மாணவிகளின் விடுதியில் ஒரு வாரமாகத் தண்ணீர் சரியாக வரவில்லை. அந்தக் கோபம் கரைய வேண்டியதா, விடுதிக் காப்பாளர் அறை வாசலுக்குப் போக வேண்டியதா?

தன்வளர்ச்சி என்ற சொல்லை நான் கேலி செய்யவில்லை. கௌரா தேவியைவிட அதற்கு நல்ல சான்று யார்? பள்ளி சென்று படிக்காத ஒரு கைம்பெண், மகளிர் மன்றக் கூட்டங்களில் பேசிப் பழகி, அதிகாரிகளின் முன் வாதாடும் இடத்துக்கு வந்தார். அந்த வளர்ச்சி தனியாகக் கண்ணை மூடி வந்ததில்லை. கூடி, சண்டையிட்டு, முடிவெடுத்து, அந்த முடிவுக்குப் பொறுப்பேற்று வந்தது.

பிறகு ரேணிக்கு என்ன ஆனது என்பதைப் படம் சொல்லாது. 1982இல் நந்தாதேவி தேசியப் பூங்கா ஆனது. அந்த மலைக்கு மேய்ச்சலுக்கும் சுமை தூக்கவும் வழிகாட்டவும் போய்வந்த மக்களுக்கு அது மூடப்பட்டது. இயற்கையைக் காப்பதற்காக என்றார்கள். 1998இல் தங்கள் உரிமையைக் கேட்டுப் பூங்காவுக்குள் போகப் போராடியவர்கள் லாத்தா ஊர் மக்கள். லாத்தா, கௌரா தேவி பிறந்த ஊர். அவருடைய உண்மையான தாய்வீடு. மேலே ரிஷிகங்கையில் நீர்மின் திட்டம் வந்தது. வெடிவைப்பதையும் கழிவு கொட்டுவதையும் எதிர்த்து 2019இல் ரேணியிலிருந்து உயர் நீதிமன்றத்துக்கு வழக்குப் போனது. 2021 பிப்ரவரி 7 அன்று மலையிலிருந்து பாறையும் பனியும் சரிந்து பெருவெள்ளம் வந்தது. அதற்குத் திட்டமே காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் ஆற்றின் வழியில் மனிதர்களைக் கொண்டுபோய் வேலைக்கு நிறுத்தியவை நீர்மின் திட்டங்கள். 200க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள் அல்லது காணாமல் போனார்கள். மண் சரிந்த ஊரிலிருந்து கௌரா தேவியின் சிலையையும் அகற்ற வேண்டியதாயிற்று.

சிலை வைத்தார்கள், படம் போட்டார்கள், தாய் என்றார்கள். மலையில் என்ன கட்டலாம் என்று முடிவெடுக்கும் மேசையில் ரேணிப் பெண்களுக்கு ஒரு நாற்காலி போடவில்லை. மாணவிகள் அடுத்த முறை சிப்கோ பற்றி எழுதும்போது மரத்தை அணைத்த கைகளோடு நிறுத்திவிட வேண்டாம். அந்த மரம் நின்ற நிலம் யார் பெயரில் இருந்தது என்று ஒரு பத்தி எழுதுங்கள். அந்தப் பத்தியிலிருந்து நம் விவாதத்தைத் தொடங்கலாம்.