ஒன்றரை அடி வார்த்தை

ஓர் ஆங்கில நாவலுக்கு விமர்சனம் படித்தேன். நாவலாசிரியரின் நடை 'செஸ்க்விபிடேலியன்' என்று ஒரே வார்த்தையில் போட்டுத் தள்ளியிருந்தார்கள். நான் பி.காம். டெபிட், கிரெடிட்டைத் தாண்டினால் அகராதிதான் கதி. புரட்டினால், 'நீளநீளமான வார்த்தைகளை அள்ளிவிடுகிற' என்று அர்த்தம். ஆங்கிலத்தில் 14 எழுத்து! திட்டுகிற வார்த்தையே திட்டு வாங்குகிற லட்சணத்தில் இருக்கிறது.

பிரித்துப் பார்த்தால் சுவாரஸ்யம். லத்தீனில் 'செமிஸ்' என்றால் பாதி. 'க்வே' என்றால் நம் 'உம்'. இரண்டும் சேர்ந்து தேய்ந்து 'செஸ்க்வி', அதாவது ஒன்றரை. 'பெஸ்' என்றால் பாதம், அடி. கி.மு. 55-இல் ரைன் நதிமேல் பாலம் போட்ட ஜூலியஸ் சீசர், ஆற்றில் இறக்கிய மரங்கள் ஒன்றரை அடி கனம் என்பதை இந்தச் சொல்லால்தான் எழுதிவைத்தார். பக்கா கான்ட்ராக்டர் பாஷை.

மரத்துக்கான அளவை வார்த்தைக்கு மாட்டிவிட்டவர் கவிஞர் ஹொரேஸ், 'ஆர்ஸ் பொயட்டிகா'வில். தமிழ் போலவே லத்தீனிலும் 'அடி' அளவுக்கும் உண்டு, செய்யுளுக்கும் உண்டு. அதனால் கிண்டல் நன்றாகவே எடுபட்டது.

ஆனால் விமர்சகர்கள் பாதியைத்தான் எடுத்துக்கொண்டார்கள். நீளச் சொல்லே ஆகாது என்று ஹொரேஸ் சொல்லவில்லை. காமெடி நாடகத்தில்கூட கோபம் வந்தால் குரல் உயரலாம் என்கிறார். டெலிஃபஸ், பீலியஸ் மாதிரி சோக நாயகர்கள் ஏழையாகி, ஊரைவிட்டு ஓடி நிற்கும்போது, பார்க்கிறவன் மனசைத் தொடணும் என்றால் ஒன்றரை அடி வார்த்தைகளைத் தூக்கிப் போடணும் என்பதுதான் அவர் கட்சி. தப்பு நீளத்தில் இல்லை, இடத்தில். அந்த நாவலில் எந்தப் பாத்திரம், எந்தச் சமயத்தில் நீளமாகப் பேசியது என்று விமர்சனத்தில் ஒரு வரி இல்லை. அப்புறம் அது என்ன விமர்சனம்? வெறும் அளவெடுப்பு.

எனக்கும் இதில் அனுபவம் உண்டு. நண்பனின் அப்பா இறந்தபோது, 'ஈடுசெய்யவியலாப் பேரிழப்பு' என்று ஆரம்பித்து ஒரு பக்கம் கடிதம் எழுதினேன். பத்திரிகைக்காரன் இல்லையா! வெகுநாள் கழித்து அவன் சொன்னான்: "உன் லெட்டர் பிரமாதம்டா, பத்திரமா வெச்சிருக்கேன். ஆனா அன்னிக்கு பக்கத்து வீட்டு ஆச்சி வந்து, 'சாப்பிட்டியாய்யா?'ன்னு கேட்டாங்க. அப்பத்தான் எனக்கு அழுகையே வந்தது."