ஆமையோட்டுச் சீப்பும் ஞானியரின் காணிக்கையும்: ஒரு திறனாய்வு

கிறிஸ்து பிறப்பின் காலத்தில் நம் அருளுரைகளில் அடிக்கடி எடுத்தாளப்பெறும் கதைகளுள் ஒன்று, அமெரிக்க எழுத்தாளர் ஓ. ஹென்றியின் 'ஞானியரின் பரிசு'. 1905 டிசம்பரில் நியூயார்க் நாளிதழ் ஒன்றில் வெளிவந்த இக்கதை, 1906இல் 'நாற்பது இலட்சம்' என்னும் பொருள்படும் தலைப்புடைய தொகுதியில் இடம்பெற்றது. டெல்லா என்னும் இளம் மனைவி தன் கூந்தலை விற்றுக் கணவனின் கடிகாரத்திற்குச் சங்கிலி வாங்குகிறாள். கணவன் ஜிம் அக்கடிகாரத்தை விற்று அவள் கூந்தலுக்குச் சீப்புகள் வாங்குகிறான். தியாக அன்புக்கு எடுத்துக்காட்டாக இதனை நானும் பல்லாண்டுகள் கூறிவந்தேன். ஆனால் வகுப்பில் மாணவர் ஒருவர் எழுப்பிய வினா என்னைக் கதையை மீண்டும் படிக்கச் செய்தது. "ஐயா, கடன்பட்டுப் பண்டிகைக்குப் பட்டெடுக்கும் குடும்பத்தை நாம் கண்டிக்கிறோம், இவர்களை மட்டும் ஏன் போற்றுகிறோம்?" என்றார் அவர்.

வினா நியாயமானதே. இக்கதை கணக்கில் தொடங்கிக் கணக்கிலேயே நடப்பது. முன்பு 30 டாலராக இருந்த ஜிம்மின் வார ஊதியம் 20 ஆகக் குறைந்துவிட்டது. அதில் 8 டாலர் வீட்டு வாடகைக்குப் போய்விடும். டெல்லா பல மாதங்கள் காசு காசாகச் சேர்த்தது 1 டாலர் 87 செண்டு. கூந்தலுக்குக் கிடைத்த விலை 20 டாலர். சங்கிலியின் விலை 21 டாலர். கணவனின் ஒரு வார ஊதியத்தினும் மிகுந்த தொகை ஓர் அணிகலனுக்குச் செலவாயிற்று.

வாங்கப்பெற்ற பொருள்களையும் நோக்குவோம். சங்கிலி பிளாட்டினத்தால் ஆனது. சீப்புகளோ ஆமையோட்டில் செய்து, ஓரத்தில் மணிகள் பதித்தவை. பிராட்வே வீதிக் கடையொன்றின் கண்ணாடிக்கு வெளியே நின்று, கிட்டும் என்ற நம்பிக்கையின்றியே டெல்லா நெடுநாள் ஏங்கியவை. ஜிம்மின் கடிகாரத்தில் பழைய தோல்வார் இருந்தமையால், அவன் அதனை மறைவாகவே எடுத்துப் பார்ப்பான். கடைவீதி முதலில் நாணத்தை விளைவித்து, பின்னர் அதற்கு மருந்தையும் விற்கிறது என்பதை ஆசிரியர் அறிந்திருந்தார். அந்நாளைய நியூயார்க்கில் பொருட்படுத்தத்தக்கோர் 400 பேரே என்ற செல்வர் கூற்றுக்கு எதிராக, அந்நகரின் நாற்பது இலட்சம் மக்களைத் தம் நூலின் தலைப்பில் நிறுத்தியவர் அவர்.

அவருடைய கலைத்திறன் முடிவில் விளங்குகிறது. கடிகாரம் இல்லாச் சங்கிலியும் கூந்தல் இல்லாச் சீப்பும் அணிய இயலாதவை. ஆடம்பரம் தன் பயனை இழந்தபின் கொடுத்த உள்ளம் மட்டுமே எஞ்சுகிறது. இவர்கள் கடன்படவில்லை, தமக்காக வாங்கவுமில்லை, தம்முடையதையே இழந்தார்கள். மாணவரின் வினாவிற்கு இது பாதி விடை.

மீதிப் பாதியில் ஆசிரியருடன் நான் வேறுபடுகிறேன். இவ்விருவரையும் அவர் கீழ்த்திசை ஞானியருக்கு ஒப்பிடுகிறார். மத்தேயு காட்டும் ஞானியரோ பொன்னையும் தூபவர்க்கத்தையும் வெள்ளைப்போளத்தையும் கைம்மாறு செய்ய இயலாத ஓர் அயலார் குழந்தைக்குக் கொடுத்து, ஏரோதிடம் திரும்பாமல் வேறு வழியாய்ச் சென்றவர்கள். டெல்லா, ஜிம் ஆகியோரின் கொடை இருவருக்குள்ளேயே சுற்றி வருகிறது; ஆதாயமெல்லாம் கடைக்காரருக்கும் கூந்தல் வாங்கியவளுக்குமே. சீப்புக்கு ஓடு தந்த உயிரைக் கதை எண்ணுவதே இல்லை. அத்தகைய ஓட்டிற்காகப் பெரிதும் வேட்டையாடப்பெற்ற அழுங்காமை, அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கையின் தடைப் பட்டியலில் 1977இல் முழுமையாகச் சேர்க்கப்பட்டது.

குறை ஆசிரியருடையது மட்டுமன்று, நம்முடையதும் ஆகும். கணக்கை நீக்கிவிட்டு இக்கதையைச் சொன்னால், அன்புடையோர் விலையுயர்ந்ததையே கொடுப்பர் என்ற செய்தியே சபையாரின் செவியில் விழும். ஒவ்வொரு டிசம்பரிலும் உயர்தர நாகரிகப் பொருள்களை விற்கும் நிறுவனங்கள் பறைசாற்றுவதும் இதனையே. அதற்குப் பிரசங்கபீடம் துணைபோகலாமா?

கதையில் ஒரு சிறு குறிப்பு உண்டு; நான் பல்லாண்டுகள் அதனைக் கவனியாது கடந்திருக்கிறேன். அந்தக் குளிர்கால மாலையில் ஜிம் வீடு திரும்பும்போது அவனுக்குப் புதிய மேலங்கி தேவையாயிருந்தது. கைகளில் கையுறையும் இல்லை. இருபத்தொரு டாலருடன் கடைவீதியெங்கும் அலைந்த அன்பு மனைவிக்கு அந்த வெறுங்கைகள் நினைவுக்கு வரவில்லை. அவளைக் குறைகூற நான் துணியேன். கடையின் கண்ணாடி அத்துணை ஒளியுடையது. ஆயினும் வரும் பண்டிகையில் இக்கதையைச் சொல்லும் உடன் ஊழியர்கள், சங்கிலியையும் சீப்பையும் சொல்லும்போது அக்கையுறையையும் சேர்த்துச் சொல்வார்களாக.