கடைசி வருஷத்தில் கை மாறும் ட்ரம்

தைப்பொங்கல் கழிந்தால் யாழ்ப்பாணத் தீவகத்துப் பாடசாலை மைதானங்களில் சுண்ணாம்புக் கோடு போடத் தொடங்கிவிடுவார்கள். இல்ல மெய்வல்லுநர் போட்டிக்கு வரும் பிரதம விருந்தினரை வாசலில் எதிர்கொள்வது பாண்ட் வாத்தியம்தான். பேஸ் ட்ரம் காலுக்கு அடி எடுத்துக்கொடுக்கும். சைட் ட்ரம் அந்த அடிகளுக்கு நடுவே பொரியும். சிம்பல் விழுந்ததும் சின்ன வகுப்புப் பிள்ளைகள் நிமிர்ந்து நிற்பார்கள். அணிக்கு முன்னால் கோலைச் சுழற்றிக்கொண்டு ஒரு பதினாறு வயதுப் பிள்ளை நடந்து வரும். அடுத்த ஆண்டுப் போட்டியில் அந்தப் பிள்ளையைப் பெரும்பாலும் அங்கே காண முடியாது. சாதாரண தரப் பெறுபேறு வந்த கையோடு பண்ணைப் பாலம் தாண்டி யாழ்ப்பாண ரவுண் பாடசாலையொன்றில் சேர்ந்திருக்கும். இங்கே முன்னால் நடந்த பிள்ளை அங்கே கடைசி வரிசையில் நிற்கும்.

மாணவப் பருவத்தின் கடைசி ஓராண்டு, ஒன்றரை ஆண்டுக்காகப் புதியதொரு வாத்தியக் குழுவில் போய்ச் சேரும் இந்த வழக்கம் நல்லதா? கேள்வி சின்னதுதான். ஆனால் சுருவில், கரம்பொன், வேலணை, நாரந்தனை என்று எந்த ஊரில் நின்று கேட்டாலும் பதில் பாண்டோடு நிற்காது. பள்ளிக்கூடம், பஸ், குடும்பம் என்று எல்லாவற்றையும் தொட்டுக்கொண்டு வரும்.

பிள்ளைகள் ஏன் போகிறார்கள் என்பதை முதலில் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். யாரும் ட்ரம் அடிப்பதற்காகப் பாடசாலை மாறுவதில்லை. இலங்கையில் உயர்தர விஞ்ஞான, கணிதப் பிரிவுகள் உள்ள பாடசாலைகளை 1ஏபி என்றும், கலை, வர்த்தகப் பிரிவுகளோடு நிற்பவற்றை 1சி என்றும் வகுத்திருக்கிறார்கள். தீவகக் கல்வி வலயத்துப் பாடசாலைகளில் பல 11ஆம் தரத்தோடு முடிந்துவிடுகின்றன. விஞ்ஞானம் படிக்க ஆசைப்பட்டால் ஆசிரியரைத் தேடி, ஆய்வுகூடத்தைத் தேடி, ரியூசனைத் தேடிப் பெரும்பாலும் யாழ்ப்பாணம் போகத்தான் வேண்டும். பாண்ட் அந்த மூட்டையோடு சேர்ந்து போகிற ஒரு பொருள். ஆனால் போய்ச் சேர்ந்த இடத்தில் அந்தப் பிள்ளையைப் புதியவனாக விடாமல், ஏதோவொன்றில் கெட்டிக்காரனாகக் காட்டுவதும் அதே பாண்ட்தான். அதனால் அதைச் சின்ன விஷயமென்று ஒதுக்கவும் முடியாது.

இந்த வழக்கத்தை முழு உருவில் பார்க்க அமெரிக்காவுக்குப் போக வேண்டும். அங்கே ‘ட்ரம் கோர்’ என்றால் பித்தளை ஊதுகருவிகளும் தாளக் கருவிகளும் கொடியாட்டமும் சேர்ந்த பெரிய இளைஞர் அணி. ‘ட்ரம் கோர் இன்டர்நேஷனல்’ என்ற அமைப்பின் முதல் இறுதிப் போட்டி 1972இல் விஸ்கான்சின் மாநிலத்தின் வைட்வோட்டர் நகரில் நடந்தது. 21 வயதோடு தகுதி முடிந்துவிடும். கோடை முழுவதும் பஸ்ஸில் ஊர் ஊராகப் போய், பாடசாலை உள்ளரங்குத் தரைகளில் படுத்தெழும்பி, பகல் முழுக்க வெயிலில் பயிற்சி எடுப்பார்கள். இதற்குச் சம்பளம் கிடையாது. பிள்ளைகளே ஆயிரக்கணக்கான டொலர் கட்டணம் கட்ட வேண்டும். அப்படியிருந்தும், கடைசி ஆண்டு வந்ததும் வளர்த்த குழுவை விட்டு, பதக்கம் வெல்லக்கூடிய குழுவொன்றுக்கு விண்ணப்பிப்பவர்கள் அங்கே ஏராளம்.

அதன் விளைவு கண்முன்னே இருக்கிறது. 1970களில் அந்த நாட்டில் நூற்றுக்கணக்கான குழுக்கள் இருந்தன. பல கத்தோலிக்கப் பங்குகளாலும் முன்னாள் படைவீரர் சங்கங்களாலும் நடத்தப்பட்ட ஊர்க் குழுக்கள். இன்று உயர்மட்டப் பிரிவில் இருபதை ஒட்டியவைதான் மிஞ்சியிருக்கின்றன. கலிபோர்னியாவின் புளூ டெவில்ஸ் குழு மட்டும் 2023 வரை 21 முறை முதலிடம் பெற்றிருக்கிறது. செலவு, பயண தூரம், பங்குகளின் ஆதரவு குறைந்தது என்று இதற்குப் பல காரணங்கள் உண்டு. கைதேர்ந்த பிள்ளைகள் சில குழுக்களில் போய்க் குவிந்ததும் அவற்றோடு சேரும். வாசிப்பின் தரம் உயர்ந்தது, வாசிக்கும் ஊர்கள் குறைந்தன.

இனி நம்முடைய தராசுக்கு வருவோம்.

போவதில் உள்ள நன்மை கொஞ்சமல்ல. சிறிய பாடசாலையில் ஒரு பிள்ளை அண்ணாமாரின் கையைப் பார்த்துத்தான் அடி பழகும். கேட்டதை அடிக்கத் தெரியும், எழுதிவைத்த தாளத்தைப் பார்த்து அடிக்கத் தெரியாது. பெரிய குழுவில் தனிப் பயிற்றுநர் இருப்பார், கருவிகள் கூட இருக்கும், இசைக் குறியீட்டைப் பார்த்து வாசிக்கும் பழக்கம் வரும். அதைவிடப் பெரிய லாபம் காது திறப்பது. தன்னைவிட நன்றாக வாசிக்கும் பத்துப் பேருக்கு நடுவே நிற்கும்போதுதான் தன் அடி எங்கே முந்துகிறது, எங்கே பிந்துகிறது என்று ஒரு பிள்ளைக்குத் தெரியவரும். ஊரில் ‘இவனை அடிக்க ஆளில்லை’ என்ற பேச்சைக் கேட்டு வளர்ந்தவனுக்கு இது கசப்பு மருந்து. ஆனாலும் மருந்துதான். புதிய பாடசாலையில் முதல் மாதத் தனிமையைக் கரைப்பதற்கும் மாலைப் பயிற்சியைப்போல வேறொன்றில்லை. வகுப்பில் பேசக் கூச்சப்படுகிற பிள்ளை அணியில் பேசத் தேவையில்லை, காலடி ஒத்துப்போனால் போதும்.

குறைகளும் அதே இடத்தில்தான் முளைக்கின்றன. முதற்குறை காலம். தவிலுக்கு வயதெல்லை கிடையாது. அளவெட்டியின் தவில் வித்துவான் தெட்சணாமூர்த்தி தமிழ்நாட்டு மேடைகளுக்குப் போனார், வந்தார். எந்த வயதில் யாரோடு வாசிப்பது என்பது அவர் விருப்பம். பாடசாலை பாண்டுக்கு அப்படியல்ல, அதற்குள் ஒரு மணிக்கூடு ஓடிக்கொண்டிருக்கிறது. 12ஆம் தரத்தில் சேருகிறவன் அந்தக் குழுவின் நடையையும் மெட்டுக்களையும் பிடித்து முடிப்பதற்குள், 13ஆம் தரம் வந்துவிட்டது, படிப்பைப் பார் என்று வீட்டில் தடை விழுந்துவிடும். தலைமைப் பொறுப்புகளோ ஆறாம் வகுப்பிலிருந்து அங்கேயே நின்றவர்களுக்குப் போகும். அது நியாயமும்கூட. ஆகவே ஊரில் அணியை நடத்திய பிள்ளை, பள்ளி வாழ்வின் கடைசிப் பக்கத்தில் கைதட்டு வாங்காத ஒரு துணைப் பாத்திரமாக முடிகிறது.

இரண்டாவது குறை செலவும் தூரமும். பயிற்சி முடிய இருட்டிவிடும், பஸ் போய்விடும். சுருவில் பிள்ளை எப்படியோ பாலத்தைத் தாண்டி வீடு சேரலாம். நெடுந்தீவுப் பிள்ளைக்குக் குறிகட்டுவானில் படகு காத்திருக்காது. விடுதியில் நின்றால்தான் அவனுக்குப் பாண்ட். பெண்பிள்ளை என்றால் இருட்டுக்கு முன் வீடு வர வேண்டுமென்ற கண்டிப்பும் சேரும். ஆக, இந்த வாய்ப்பு எல்லோருக்கும் திறந்திருப்பதுபோலத் தெரிந்தாலும் உண்மையில் வசதியைப் பார்த்தே திறக்கிறது.

மூன்றாவது குறைதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது, அதைப் பற்றி யாரும் பேசுவதுமில்லை. வாத்தியக் குழுவில் கடைசி ஆண்டு வாசிப்பதற்கான ஆண்டு மட்டுமல்ல, கைமாற்றிக் கொடுப்பதற்கான ஆண்டு. குச்சியை எப்படிப் பிடிப்பது, தோல் இளகினால் எப்படி முறுக்குவது, விருந்தினர் பிந்தி வந்தால் எந்த அடியில் நின்று சமாளிப்பது என்பதெல்லாம் எந்தப் புத்தகத்திலும் இல்லை. மூத்தவர் கையிலிருந்து இளையவர் கைக்குப் போகிற வித்தை அது. மூத்தவர் அந்த ஓராண்டில் இல்லாவிட்டால் சங்கிலி அறுந்துவிடும். பெரிய பாடசாலை அதைத் தாங்கும், அங்கே ஆள் வரிசையாக நிற்கிறது. மாணவர் தொகை குறைந்த தீவகப் பாடசாலையில் இரண்டு பிள்ளைகள் போனாலே அந்த ஆண்டு ட்ரம் அலுமாரியில்தான்.

தீவகத்திலிருந்து ஆள் போவது இன்றைய கதையல்ல. கரம்பொனில் 1913இல் பிறந்த தனிநாயகம் அடிகள் ஊர்காவற்றுறை புனித அந்தோனியார் கல்லூரியிலிருந்து யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரிக்குப் போனவர்தான். அவர் போனதால் தீவகம் இழந்ததைவிடத் தமிழுலகம் பெற்றது அதிகம். ஆகவே ‘போகாதே’ என்று மறிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் அவர் காலத்தில் ஒருவர் போனால் அவரிடத்தை நிரப்ப ஊர் நிறையப் பிள்ளைகள் இருந்தார்கள். 1990 ஓகஸ்ட் இராணுவ நடவடிக்கையோடு தீவகம் பெருமளவில் வெறுமையானது. யாழ்ப்பாணத்துக்கும் வன்னிக்கும் கடல்கடந்தும் போனவர்களில் பலர் திரும்பவில்லை. மிஞ்சிய வகுப்பறைகளிலிருந்து போகும் ஒவ்வொரு பிள்ளையும் அதனால்தான் கனக்கிறது.

என் தீர்ப்பு இது. படிப்புக்காகப் போகிற பிள்ளை புதிய பாண்டில் சேரத்தான் வேண்டும். சேர்ந்து, கடைசி வரிசையில் வெட்கமில்லாமல் நின்று கற்றுக்கொள்ள வேண்டும். ஆனால் ஊரிலேயே படிக்க வழியிருந்தும் பெரிய கல்லூரியின் சின்னம் பொறித்த யூனிபோமுக்காக மட்டும் கடைசி ஆண்டில் மாறுவது நட்டக் கணக்கு. அந்தச் சின்னம் ஒரு புகைப்படத்தில் நிற்கும். வளர்த்துவிட்ட இளையவர்களோ அடுத்த ஐந்தாறு போட்டிகளில் நடப்பார்கள்.

போகிறவனுக்கும் நிற்கிறவனுக்கும் நடுவே ஒரு வழியையும் பெரியவர்கள் திறந்துவிடலாம். தீவகக் கல்வி வலயத்துக்கென்று ஒரு கூட்டு வாத்தியக் குழு இருக்கட்டும். பாடசாலை எதுவானாலும் ஊர் தீவகமென்றால் இடமுண்டு என்பது ஒன்றே அதன் விதியாகட்டும். ரவுணில் படிக்கும் பிள்ளை சனிக்கிழமை வேலணைக்கோ ஊர்காவற்றுறைக்கோ வந்து, அங்கே கற்ற புது அடியை இங்கே சின்னவர்களுக்குக் காட்டிக் கொடுக்கும். கருவிகளைப் பாடசாலைகள் பகிர்ந்துகொள்ளலாம். கனடாவிலும் பிரான்சிலும் இருக்கும் பழைய மாணவர் சங்கங்கள் மண்டபத்துக்கும் வளைவுக்கும் அனுப்பும் காசில் ஒரு பங்கை ஒரு பயிற்றுநரின் சம்பளத்துக்கும், பயிற்சி முடிந்து பிள்ளைகளை வீடு சேர்க்கும் ஒரு வாகனத்துக்கும் ஒதுக்கட்டும். வளைவு வாசலில் நிற்கும். அதற்குக் கீழால் நடந்து வர ஒரு பாண்டும் வேண்டும்.