சேலை கைமாறிய பிறகு வரும் உரிமை

காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்து இருபது ஆண்டுகள் ஆகின்றன. 1999-இல் இயற்றப்பட்ட சட்டம் 2003 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. 2005-06-இல் தமிழக அரசின் கைத்தறித் துறையை உரிமையாளராகக் கொண்டு காஞ்சிப் பட்டு பதிவானது. பதிவான செய்தியைக் கொண்டாடினோம். அந்த உரிமையை யார், எந்தக் கட்டத்தில் எடுத்துப் பயன்படுத்த முடிகிறது என்று அதே அக்கறையோடு கேட்கவில்லை.

முதலில் இந்த ஏற்பாட்டின் பலத்தைச் சொல்ல வேண்டும். வணிகச் சின்னத்தை விலைக்கு வாங்கலாம். ஊரின் பெயரை அப்படி வாங்க முடியாது. புவிசார் குறியீட்டை விற்கவோ, அடகு வைக்கவோ, வேறொருவருக்கு எழுதிக்கொடுக்கவோ சட்டம் இடம் தரவில்லை. கடனின் பிடி எப்படிப்பட்டது என்று அறிந்த நெசவாளர் ஊருக்கு இது சின்னப் பாதுகாப்பு அன்று. எவ்வளவு பெரிய நிறுவனம் வந்தாலும் 'காஞ்சிபுரம்' என்ற சொல்லைத் தனக்கு மட்டும் வளைத்துக்கொள்ள முடியாது.

அந்தப் பெயருக்குப் பின்னால் இருக்கும் வேலையும் சாதாரணமானதில்லை. கோர்வைச் சேலையில் உடலுக்கும் கரைக்கும் தனித்தனி நாடா ஓடும். இருபக்கக் கரைக்கு இரண்டு, உடலுக்கு ஒன்று என மூன்று நாடாக்கள். ஒருவர் மிதித்து நெய்ய, பக்கத்தில் துணைக்கு இன்னொருவர் உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ள வேண்டும். ஒவ்வொரு ஓட்டத்திலும் இரண்டு நிற இழைகளும் ஒன்றையொன்று கொக்கிபோட்டுப் பிடித்துக்கொள்கின்றன. அதனால்தான் உடல் நைந்தாலும் கரை பிரிந்து வருவதில்லை. ஜரிகையைச் சற்றுச் சுரண்டினால் உள்ளே சிவப்புப் பட்டிழை தெரியும். போலி ஜரிகையில் அது தெரியாது. கைத்தறி முத்திரை கையால் நெய்தது என்று மட்டும் சொல்லும். பட்டு முத்திரை பட்டு என்று மட்டும் சொல்லும். இந்த ஊர் வேலை என்று சொல்வது புவிசார் குறியீடு ஒன்றுதான்.

ஊருக்குக் கிடைத்த பதிவு நெசவாளருக்குத் தானாக வந்து சேர்வதில்லை. 'அங்கீகரிக்கப்பட்ட பயனர்' என்று அவர் தனியாக விண்ணப்பித்துப் பெயரைப் பதிய வேண்டும். தாம் உற்பத்தியாளர்தான் என்பதற்குப் பிரமாணப் பத்திரம் கொடுக்க வேண்டும். பத்து ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். 500 ரூபாயாக இருந்த விண்ணப்பக் கட்டணம் 2020-இல் 10 ரூபாயாகக் குறைந்தது பாராட்டத்தக்கது. ஆனால் 'உற்பத்தியாளர்' என்பதற்குச் சட்டம் தரும் விளக்கத்திலேயே, கைவினைப் பொருளைச் செய்பவரோடு அதை வாங்கி விற்பவரும் அடங்குகிறார். தறிக்குழியில் கால் வைக்காதவரும் உற்பத்தியாளர் ஆகலாம். இந்தச் சட்டத்தில் எனக்குப் பெரிய குறையாகப் படுவது இதுதான்.

பிள்ளையார்பாளையத்தில் கூலிக்கு நெய்பவரை எடுத்துக்கொள்ளுங்கள். பாவும் ஊடைப் பட்டும் ஜரிகையும் முதலாளி கொடுத்தவை. சேலையை அறுத்துக் கொடுத்துக் கூலி வாங்கியதும் அதன்மீது அவருக்கு இருந்த தொடர்பு அறுந்துபோகிறது. குறியீட்டுக்கு மதிப்பு வருவதோ காந்தி ரோட்டுக் கடையில் சேலை விலைபோகும் நேரத்தில். உரிமை பயனுக்கு வரும்போது சேலை அவர் கையில் இல்லை.

அதே நெசவாளரின் மகன் சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்து, ஊழியர் பங்குத் திட்டத்தில் இடம் பெறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். வழங்கிய நாளுக்கும் உரிமை முதிரும் நாளுக்கும் இடையே குறைந்தது ஓராண்டு இருக்க வேண்டும் என்கிறது கம்பெனிச் சட்ட விதி. எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிக்குள் என்ன விலைக்குப் பங்கை எடுத்துக்கொள்ளலாம் என்று காகிதத்தில் எழுதித் தருகிறார்கள். பங்கு விலை சரிந்தால் அதற்கு மதிப்பில்லை என்பது உண்மைதான். இருந்தாலும் உரிமை அவர் பெயரில் இருக்கிறது, எப்போது எடுக்கலாம் என்பதும் அவருக்குத் தெரியும். தறியில் ஆயுளைக் கழித்த தகப்பனுக்கு அப்படிக் காட்ட ஒரு காகிதம் இல்லை.

கூட்டுறவுச் சங்கம் இந்தக் குறையைப் பாதி தீர்க்கிறது. சங்கமே பயனராகப் பதிந்து, சங்கமே விற்பதால் லாபத்தில் ஒரு பங்கு உறுப்பினருக்குத் திரும்ப வழியுண்டு. எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஆளுக்கு ஒரு ஓட்டுதான். தனியாரிடம் கூலிக்கு நெய்பவருக்கு இந்த வழியும் கிடையாது.

போலியைப் பிடிப்பதிலும் இதே சிக்கல். பொய்யாகக் குறியீட்டைப் போட்டால் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். படிக்கும்போது கடுமையாகத்தான் தெரிகிறது. ஆனால் காவல்துறையில் டி.எஸ்.பி. நிலைக்குக் குறையாத அதிகாரிதான் சோதனையிட்டுப் பறிமுதல் செய்யலாம். அதற்கு முன்பு பதிவாளரின் கருத்தை அவர் கேட்டாக வேண்டும். கேட்டு வருவதற்குள் சரக்கு எங்கே இருக்கும்? 1985-ஆம் ஆண்டின் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம் இந்த வகையில் மேல். உச்ச நீதிமன்றம் 1993-இல் செல்லும் என்று உறுதிசெய்த சட்டம் அது. அதன்படி அரசு அதிகாரிகளே விசைத்தறிக் கூடத்துக்குள் போய்ச் சோதிக்கலாம். நெசவாளர் கோர்ட் படி ஏற வேண்டியதில்லை.

ஆகவே கைத்தறித் துறை செய்ய வேண்டியவை இருக்கின்றன. நெசவாளர் அடையாள அட்டையையும் சங்கப் பாஸ்புக்கையும் உற்பத்தியாளர் என்பதற்கான சான்றாக வைத்து, தெருத்தெருவாக முகாம் போட்டு விண்ணப்பங்களைத் துறையே நிரப்பித் தரட்டும். குறியீட்டுச் சீட்டில் கடைப் பெயரோடு நெய்தவர் பெயரும் வரட்டும். போலிகள் மீது, உரிமையாளர் என்ற முறையில் துறையே வழக்குத் தொடுக்கட்டும். அதற்கும் கெடு இருக்கிறது: குற்றம் நடந்து மூன்று ஆண்டு, அல்லது தெரியவந்து இரண்டு ஆண்டு, இதில் எது முதலில் முடிகிறதோ அதுவரைதான்.