வந்த பேயும் வாரிசும்

பேய்ப்படம் என்றதும் முகஞ்சுளிப்பது நம்மிடையே ஒரு மரபாகிவிட்டது. யதார்த்தவாதம் பேசுவோர் இருட்டிலே பல்லைக் காட்டும் பிரபு ஒருவனைப் பற்றிப் பேசலாமா என்று கேட்கும் நண்பர்கள் உளர். மூலதனத்தின் இயல்பை விளக்க வந்த மார்க்ஸ், 1867 இல் வெளியான தமது பெருநூலில், வேலைநாள் பற்றிய அத்தியாயத்திலே இரத்தக் காட்டேரியையே உவமையாகக் கையாண்டார் என்பதை அவர்களுக்கு நினைவூட்டிவிட்டு விடயத்துக்கு வருவோம்.

1979 இல் வேர்ணர் ஹேர்சொக் எடுத்த ‘நொஸ்பெராட்டு’ என்னும் படத்தை அண்மையில் நாம் மீண்டும் பார்த்தோம். 1922 இல் முர்னோ எடுத்த அதே பெயருடைய மௌனப்படத்தின் மறுவாக்கம் அது. பழைய வெற்றியொன்றை மறுபடியும் விற்றுக் காசாக்குவதற்கே பெரும்பாலான மறுவாக்கங்கள் பிறக்கின்றன. இது அந்த வகையைச் சேர்ந்ததன்று. ஏன் அன்று என்பதைச் சொல்ல மூலப்படத்தின் வரலாற்றைச் சிறிது தொடவேண்டும்.

முர்னோவின் படமே ஒரு களவுப் படம். ஸ்ரோக்கரின் ‘டிறாக்குலா’ நாவலை (1897) உரிமை பெறாமல் எடுத்து, பெயர்களை மாத்திரம் மாற்றினார்கள். ஆசிரியரின் விதவை வழக்குத் தொடுத்தார். படத்தைத் தயாரித்த பிறானா நிறுவனம் வேறு படமெதுவும் எடுக்காமலே முறிந்தது. படச்சுருள்களை அழித்துவிடுமாறு 1925 இல் பேர்லின் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தப்பிப் பிழைத்த பிரதிகளாலேயே இன்று நாம் அதைக் காண்கிறோம். ஸ்ரோக்கரின் பிரபு பகலிலும் நடமாடக்கூடியவன். சூரியவொளி பட்டு மடியும் காட்டேரி இப்படத்தோடுதான் பிறந்தான்.

ஆனால் அந்தப் படம் எந்தப் பயத்தை மூலதனமாக்கிற்று? கிழக்கிலிருந்து கப்பலேறி வரும் அந்நியன், வளைந்த மூக்கு, நீண்ட நகம், கூடவே எலிகளும் கொள்ளைநோயும். பின்னைய பத்தாண்டுகளில் யூதருக்கெதிராக நாசிகள் பரப்பிய படிமங்களை அறிந்தவர்கள் இதைக் கண்டு துணுக்குறுவது இயல்பே. (வீட்டுத்தரகன் நொக்காக நடித்த அலெக்சாந்தர் கிறனாக் ஒரு யூதர், ஹிற்லர் பதவிக்கு வந்தபின் ஜேர்மனியை விட்டு வெளியேற நேர்ந்தவர்.) 1947 இல் எழுதிய நூலிலே சீக்பிறீட் கிறக்கவர், அக்காலத் திரையின் கொடுங்கோலர் வரிசையில் இப்பிரபுவையும் நிறுத்தினார். அவர் முடிவை நாம் முழுமையாக ஏற்பதற்கில்லை. நடந்து முடிந்ததை வைத்துக்கொண்டு பழைய படங்களில் அதன் நிழலைத் தேடுவது எளிது. எனினும் ஒரு காட்சி நம் மனத்தை உறுத்துகிறது. கொள்ளைநோய்க்குக் காரணம் நொக்கே என்று நம்பி ஊர் அவனைக் கல்லெறிந்து துரத்துகிறது. வயலில் நின்ற வெருளியை அவனென எண்ணிக் கிழித்தெறிகிறது. முர்னோ இதை ஆதரித்துக் காட்டினாரா, எள்ளிக் காட்டினாரா என்பதைப் படம் தெளிவாக்கவில்லை. இறுதியில் எலன் என்னும் தூய பெண் தன்னைப் பலிகொடுக்க, பிரபு புகையாகிறான். நோய் நீங்குகிறது. ஊர் பழையபடி இருக்கிறது.

1942 இல் பிறந்த ஹேர்சொக்கின் தலைமுறைக்குத் தந்தையர் மீது நம்பிக்கையில்லை. நாசிகளின் காலத்தைத் தாண்டி முர்னோவின் தலைமுறையையே அவர்கள் பாட்டன்மாராகக் கொண்டார்கள். அந்தப் பாட்டன்மாரின் வரலாற்றை எழுதிய லொத்தே ஐஸ்னர் 1933 இல் பிரான்சுக்குத் தப்பியோடிய யூதப் பெண்; அவர் நோயுற்றாரென்று கேட்டு 1974 இல் மூனிச்சிலிருந்து பாரிசுவரை ஹேர்சொக் கால்நடையாகவே சென்றார். இந்தப் பற்றோடு படத்தைத் தொட்டவர், பல காட்சிகளை அப்படியே திரும்ப எடுத்துவிட்டு, முடிவை மட்டும் தலைகீழாக்கினார்.

இங்கே யொனதன் தன் மனைவிக்குப் பெரிய வீடொன்று வாங்கும் ஆசையினாலேயே தரகுப்பணத்துக்காகப் பிரபுவிடம் போகிறான். அவன் கெட்டவனல்லன், நாமெல்லாம் அறிந்த நல்ல கணவன். கிளவுஸ் கின்ஸ்கியின் பிரபுவோ களைத்துப்போனவன். சாக முடியாமையே தன் துன்பமென்று முறையிடுகிறான். நகரச் சதுக்கத்திலே சவப்பெட்டிகளுக்கும் எலிகளுக்குமிடையே மேசைபோட்டுக் கடைசி விருந்துண்ணும் செல்வர்கள் நம்மையும் உட்காரச் சொல்கிறார்கள். இசபெல் அஜானியின் லூசி உண்மையை அறிந்து கதவுகதவாகச் சொல்கிறாள், கேட்பாரில்லை. பலியாகிறாள், பிரபுவும் மடிகிறான். ஆனால் யொனதன் ஏற்கனவே கடியுண்டவன். அவனைச் சுற்றி லூசி தூவிவைத்த திருவப்பத் துகள்களை அவனால் தாண்ட முடியாது. என்ன செய்கிறான்? வேலைக்காரியை அழைத்து, அந்தத் தூசியைக் கூட்டு என்கிறான். அவள் கூட்டுகிறாள். எசமானின் கட்டளை, அவ்வளவுதான். அவன் எழுந்து குதிரையேறிப் போகிறான்.

திரையில் நாம் கண்ட பேய்க்காட்சிகளுள் இதைவிடப் பயங்கரமானது வேறில்லை. இரத்தமில்லை, அலறலில்லை, ஒரு தும்புத்தடியும் பழகிப்போன கீழ்ப்படிவுமே உண்டு. கிழக்கிலிருந்து வந்தவன் செத்துவிட்டான். இனிச் செல்பவன் உள்ளூரிலேயே பிறந்த மதிப்புக்குரிய குடும்பஸ்தன். முர்னோவின் படம் விட்டுச்சென்ற சந்தேகத்துக்கு இதைவிடத் தெளிவான விடை வேண்டுமா? பிரபுவின் நெஞ்சில் முளையடித்த முதிய வைத்தியரைக் கொலைகாரனென்று பிடித்துச்செல்லச் சொன்னால், பிடிக்கப் பொலிசாரில்லை, அடைக்கச் சிறையில்லை. எல்லோரும் நோயில் மடிந்துவிட்டனர். அப்பொழுதும் உத்தரவு மட்டும் நடக்கிறது. நாம் சிரித்தோம், சிரித்தபின் சங்கடப்பட்டோம்.

ஹேர்சொக்கோடு நமக்குப் பிணக்கும் உண்டு. அறிவியலை அவர் அந்த வைத்தியரின் உருவிலே தடுமாறும் கிழவனாக மட்டுமே காண்கிறார். கொள்ளைநோயை மனிதர் ஒன்றுகூடி எதிர்த்த வரலாறு அவருக்கு இல்லை. அழிவு அவருக்கு மழைபோல, பனிபோல இயற்கையானது. அதற்குக் காரணமும் கிடையாது, மாற்றும் கிடையாது. லூசி தட்டிய கதவுகளில் ஒன்றாவது திறந்திருக்கக்கூடாதா? திறக்காதெனத் துணிவது யதார்த்தமன்று, விதிவாதம். படப்பிடிப்புக்கென ஆயிரக்கணக்கான வெள்ளெலிகளைக் கொணர்ந்து சாயம் பூசிய முறை பற்றியும் கண்டனங்கள் எழுந்தன. அழகுக்காக உயிரை வதைப்பவருக்கு நாம் வக்காலத்து வாங்குவதற்கில்லை.

2024 இல் றொபேட் எகேர்ஸ் இதே கதையை மீண்டும் எடுத்துள்ளார். உடையிலும் விளக்கொளியிலும் அவர் காட்டிய உழைப்பு வியப்புக்குரியது. எலனின் ஆசையை நோயென்று சொல்லி, ஈதர் கொடுத்து, கட்டிலோடு கட்டிப்போடும் ஆண்களை அவர் நன்றாகவே அடையாளம் காட்டுகிறார். இதை முந்தைய இருவரும் செய்யவில்லை. கடனாளியான கணவன், படிக்கத் தெரியாத பாஷையிலுள்ள பத்திரத்தில் ஒரு பை பொன்னுக்காகக் கையொப்பமிட்டு, தன்னையறியாமலே மனைவியை எழுதிக்கொடுக்கும் காட்சியில் நாம் நிமிர்ந்து உட்கார்ந்தோம். பெண், கடன், பத்திரம்: எத்தனை பெரிய விடயம் கையில் கிடைத்தது! ஆனால் படம் அதை அங்கேயே விட்டுவிட்டுப் படுக்கையறைக்குள் நுழைகிறது. ஊர் மறைகிறது. நோயில் மடிவோர் பின்னணி ஓவியமாகின்றனர். இறுதியில் பழைய பலி, பழைய விடியல். இறந்தவளின் உடலைச் சுற்றி இளமூதா மலர்கள். அந்த வீட்டைப் பிறகு யார் கூட்டினார்கள் என்று எகேர்ஸ் கேட்கவில்லை.